கைராசிக்காரர் பந்தல்

மாமனாருக்குக் கைராசி உண்டு என்பதை அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் மறுத்ததில்லை. மறுக்கத் துணிந்த ஓரிருவருக்கும் அவர் வீட்டு வாசல் பந்தலிலிருந்து ஒரு திராட்சைக் குச்சியை வெட்டிக் கொடுத்தார். அது துளிர்த்தது. அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். புதிதாகத் தோட்டம் போடுகிறவர் யாராக இருந்தாலும் நிலம் வாங்கிய கையோடு அவரிடம்தான் வருவார். சிலர் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பதைப் போல மாமனார் எப்போதும் ஒரு கத்தரி வைத்திருப்பார். திராட்சை விவசாயிகள் சங்கத்துக்கு அவர் தலைவரானது ஓட்டு எண்ணி அல்ல. பந்தலடியில் உட்கார்ந்தே ஆகிவிட்டார்.

பந்தலில் படர்ந்திருந்தது வெள்ளை ரகம். இலை உதிரும் நாள் வரை பச்சைப் பசேலென்று இருக்கும். சங்கக் கூட்டம், பஞ்சாயத்து, தூக்கம் எல்லாம் அதன் நிழலில்தான்.

மாப்பிள்ளை இந்த வீட்டுக்குள் வந்தது கணக்கியல் பட்டமும் ஒரு பெட்டியுமாக. ஒரே மகளைக் கட்டியவன்; வீட்டோடு தங்கிவிட்டான். வீட்டுக்கு மாப்பிள்ளை என்றால் சரி, இவன் ஊருக்கே மாப்பிள்ளை ஆகிவிட்டான். உரக்கடைக்காரரும் 'மாப்பிள்ளை', முடிவெட்டுகிறவரும் 'மாப்பிள்ளை'. சொந்தப் பெயர் மறந்துவிடக் கூடாதே என்று அவன் அவ்வப்போது பழைய செய்தித்தாள் ஓரத்தில் கையெழுத்துப் போட்டுப் பார்த்துக்கொள்வான். முதல் சில ஆண்டுகள் அவனுக்கு ஒதுக்கப்பட்ட வேலை காபி குடிப்பதும், மாமனார் பேசும்போது தலையாட்டுவதும். இரண்டையும் ஒழுங்காகச் செய்தான்.

வீட்டுக்குப் பின்னால் கீழ்த் தோட்டம். அதில் கறுப்புத் திராட்சை. ஒரு வருஷம் அறுவடை முடியும் முன்பே இலைகள் சிவக்கத் தொடங்கின. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் ரத்தச் சிவப்பு. ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருண்டன. பார்க்க அத்தனை அழகு. புதுமணத் தம்பதிகள் படம் எடுத்துக்கொள்ள வந்தார்கள். மாமனார் அவர்கள் உட்கார ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்தார்.

பழம்தான் தகராறு செய்தது. நிறம் ஏறவில்லை, இனிப்பும் ஏறவில்லை. பழச்சாறு ஆலையிலிருந்து வந்த கொள்முதல் அதிகாரி இனிப்பு பார்க்கும் கருவியில் ஒரு சொட்டு விட்டுக் கண்ணை வைத்தார். பிறகு கருவியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"ஐயா, இதை நாங்க பழச்சாறுன்னு விக்க முடியாது. வேணும்னா பாத்திரம் துலக்க விக்கலாம்."

பக்கத்துத் தோட்டக்காரரும் அங்கேதான் நின்றார். அவருக்கு 'மோட்டார்' என்று பெயர். மின்சாரம் போனாலும் நிற்காமல் ஓடும் குரல் அவருக்கு.

"எல்லாம் பனி பண்ற வேலை மாமா. எனக்கும் இதே கதைதான். இலை செவக்குது, பழம் புளிக்குது."

"பனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொட்டாஷ் குறைச்சல்," என்றார் மாமனார்.

பொட்டாஷ் உரம் போட்டார்கள். இலை இன்னும் நன்றாகச் சிவந்தது.

மாப்பிள்ளை யாரிடமும் கேட்காமல் கொஞ்சம் இலைகளைக் காம்போடு கிள்ளி நகரத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினான். அந்த வீட்டில் அவன் கேட்காமல் செய்த முதல் காரியம் அது. கூடத்து அம்மாள் போனில் கூப்பிட்டார்.

"இலைச்சுருள் வைரஸ் சார். மருந்து கிடையாது. வேரோட எடுக்கணும். வேர்த்துண்டு மண்ணுல தங்காமப் பார்த்துக்கோங்க. ரெண்டு வருஷம் நிலத்தைச் சும்மா போட்டு, அப்புறம் பரிசோதிச்ச சுத்தமான செடி வாங்கி நடுங்க."

"இது எப்படிங்க வந்துச்சு?"

"முதல்ல குச்சி வழியா வரும். நோய் இருக்கிற கொடியில வெட்டின குச்சியில நோயும் சேர்ந்தே வரும். அப்புறம் மாவுப்பூச்சி ஒரு கொடியிலேருந்து அடுத்த கொடிக்குக் கொண்டுபோகும். அந்தப் பூச்சி விடுற இனிப்புக்காக எறும்பு அதுக்குக் காவல் நிக்கும்."

இனிப்புக்காகக் காவல் நிற்கும் ஏற்பாடு மாப்பிள்ளைக்குச் சட்டென்று விளங்கியது. சங்கக் கூட்டங்களில் அவன் நிறையப் பார்த்திருக்கிறான்.

மாமனார் சிரித்தார். "வைரஸ்னா சளி பிடிக்கணும்ல மாப்பிள்ளை. கொடி எங்க தும்முச்சு?"

ஆனால் அடுத்த வருஷம் ஆலைக்காரர்கள் கருவியை எடுத்துக்கொண்டுகூட வரவில்லை. மாமனார் நாலு நாள் பந்தலடியில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு மோட்டாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"எடுத்துடுங்க மாப்பிள்ளை. எடுத்துட்டு நீங்களே நடுங்க. கீழ்த் தோட்டம் இனிமே உங்களுது. உங்க இஷ்டம். நான் தலையிட மாட்டேன்."

"கேட்டுக்கிட்டேன், நான் சாட்சி," என்றார் மோட்டார். தெரு முழுக்கவே சாட்சி ஆனது.

அன்று மாப்பிள்ளை இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். கீழ்த் தோட்டத்தைத் தாய்த் தோட்டம் ஆக்குவது என்று அவன் முடிவு செய்தான். சுத்தமான கொடிகளை வளர்த்து, ஆண்டுக்கொன்றாக இரண்டு பரிசோதனைகளில் தேறிவிட்டால் சான்று கிடைக்கும். அதன்பின் இந்த வட்டாரத்தில் யார் தோட்டம் போட்டாலும் குச்சி அவனிடம்தான் வாங்க வேண்டும். பெயர்ப்பலகைகூட மனசுக்குள் எழுதிவிட்டான். அதில் அவனுடைய சொந்தப் பெயர் இருந்தது.

வேரோடு பிடுங்கி, மண்ணைக் கிளறி, விரல்நீள வேரைக்கூட விடாமல் பொறுக்கி எரித்தான். இரண்டு வருஷம் நிலம் வெறுமையாகக் கிடந்தது.

"மாப்பிள்ளை மண்ணு வளர்க்கிறார்," என்றார்கள். "நல்லா வளருதா மாப்பிள்ளை?"

கறுப்பு ரகத்தில் சுத்தமான செடிகள் வந்தன. வேலையாட்கள் காலையில் முதலில் கீழ்த் தோட்டம், அதன்பிறகே மற்ற இடங்கள் என்று விதி போட்டான். நோய்த் தோட்டத்தில் புழங்கிய சட்டையோடு உள்ளே வரக்கூடாது. பூச்சிக் குஞ்சு துணியில் ஒட்டிக்கொண்டு வரும். எறும்பு ஏறாமலிருக்கத் தண்டைச் சுற்றிப் பசை தடவிய பட்டை கட்டினான்.

"பிரசவ ஆஸ்பத்திரி மாதிரில்ல நடத்துறீங்க," என்றார் மோட்டார், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று. "நான் கண்ணாடி வழியாப் பார்த்துட்டுப் போயிடுறேன்."

கேலி பேசினாலும் மோட்டார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கீழ்த் தோட்டத்தில் இலை பச்சையாக நின்றதைப் பார்த்துவிட்டு, அவரும் தன்னுடைய கொடிகளை மொத்தமாகப் பிடுங்கி நிலத்தைச் சும்மா போட்டார். அவரைப் பார்த்து இன்னும் பலர். "மாப்பிள்ளை, முதல் குச்சி எனக்குத்தான்," என்று சொல்லி வைத்தார்கள். அவன் தலையாட்டினான். தலையாட்டுவதில் முதல்முறையாக ஒரு பொருள் இருந்தது.

நட்ட முதல் கோடையில் சில செடிகள் காய்ந்து போயின. பதில் செடி கேட்டு நாற்றுப் பண்ணைக்குச் சொல்லிவிட்டு, பயிற்சி ஒன்றுக்காக அவன் வெளியூர் போனான். திரும்பி வந்தபோது காலி இடங்கள் எதுவும் காலியாக இல்லை. ஒவ்வொன்றிலும் பந்தலில் வேர்விட்ட கன்று ஒன்று நின்றது.

"பல்லு விழுந்த வாய் மாதிரி இருந்துச்சு மாப்பிள்ளை," என்றார் மாமனார், மண் ஒட்டிய கையைக் காட்டி. "மனசு கேக்கலை. வீட்டுக் கொடியைக் கொண்டு நானே வச்சேன். நீங்க வேணாப் பாருங்க, ஒண்ணுகூடப் பட்டுப்போகாது."

தலையிடவில்லை என்றுதான் அவரும் நினைத்திருப்பார். பாசத்தைத் தலையீடு என்று எண்ணும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

அன்று மாப்பிள்ளை மனைவியிடம் கேட்டான். "அப்பா வச்சதைப் பிடுங்கிடட்டுமா?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தாராளமாப் பிடுங்குங்க. மூணு வேளையும் அவருக்கு எதிர்ல உட்கார்ந்து சாப்பிடப் போறது நீங்கதான்."

"வெளியிலேருந்து எதுவும் வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"இது வெளியிலேருந்தா வந்துச்சு? பந்தல்ல என்னைக்காவது ஒரு இலை செவந்து பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. அதுதான் உண்மை. வட்டாரமே சிவந்தபோதும் சிவக்காத கொடி அது. ஆனாலும் பரிசோதித்திருக்கலாம். மண்ணைப் பரிசோதித்தவன், தண்ணீரைப் பரிசோதித்தவன், நாற்றுப் பண்ணை சான்றோடு அனுப்பிய செடியையே மறுபடி பரிசோதித்தவன், பந்தலை மட்டும் விட்டான். பந்தலைப் பரிசோதிக்கக் கேட்பதும், "மாமா, உங்க ரத்தத்துல கொஞ்சம் கொடுங்க, எனக்கு ஒரு சந்தேகம்" என்று கேட்பதும் ஒன்றுதான். பெண் எடுத்த இடத்தில் அப்படிக் கேட்க முடியுமா? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. வெள்ளைக் கன்றுகள் கீழ்த் தோட்டத்தில் நிலைத்தன. ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை.

முதல் பரிசோதனைக்கு ஓரத்துக் கறுப்புக் கொடிகளில் மட்டும் இலை எடுத்தார்கள்; தேறியது. இரண்டாவதற்கு ஆட்கள் வந்து எல்லாத் திசையிலும் இலை பறித்துப் போனார்கள். கூடத்து அம்மாள் இந்த முறை போனில் கொஞ்சம் தயங்கினார்.

"சார், தோட்டம் தேறலை."

மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்தான். தம்பதிகளுக்குப் போட்ட அதே பெஞ்சு.

"கொத்துக் கொத்தா இருக்கு. ஒவ்வொரு கொத்துக்கும் நடுவுல ஒரு வெள்ளை ரகம் நிக்குது. அது எந்தப் பண்ணையில வாங்கினது?"

"அது... வீட்டுக் கொடிங்க."

"வீட்டுக் கொடியைப் பரிசோதிச்சீங்களா?"

அவன் எதிரே நின்ற ஒரு வெள்ளைக் கன்றைப் பார்த்தான்.

"வெள்ளை ரகம் காட்டிக்காது சார். செவக்காது, வாடாது. ஆயுசு முழுக்கப் பச்சையா நிக்கும். உள்ள மட்டும் இருக்கும். பக்கத்துல கறுப்பு ரகம் இருந்தா அதுதான் செவந்து மாட்டிக்கும்."

மாமனார் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், பந்தல் கொடியின் தண்டிலிருந்து கொஞ்சம் பட்டையைச் சீவி எடுத்தான். திருடுகிறவனைப் போல அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான். முடிவு வந்தது. பந்தலுக்குள் ஒன்றல்ல, இரண்டு வைரஸ்கள் குடியிருந்தன. எத்தனையோ காலமாக வாடகை இல்லாமல்.

மோட்டார் தோட்டம், அதற்கடுத்த தோட்டம், மேட்டுத் தோட்டம், பாலத்தடித் தோட்டம் என்று சிவந்த எல்லாத் தோட்டங்களையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தான். எல்லாம் மாமனார் கையால் குச்சி வாங்கிப் போட்டவை. அந்த வெள்ளைக் கொடிகளிலிருந்து பக்கத்துக் கறுப்புக் கொடிகளுக்குப் பூச்சி நோயைக் கொண்டுபோயிருக்கிறது. ஊரே கைராசியால் சிவந்திருக்கிறது.

சொன்னான். பந்தலடியில், நேருக்கு நேர், குரலைத் தாழ்த்திச் சொன்னான். மாமனார் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு தலையைத் தூக்கிக் கொடியைப் பார்த்தார்.

"இதுவா?"

"ஆமா மாமா."

"காய்க்குதே."

"காய்க்கும் மாமா. அதுக்கு ஒண்ணும் ஆகாது. மத்ததுக்குத்தான்."

"இதுலேருந்து எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கேன், தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மாமா. அதனாலதான் சொல்றேன்."

சட்டைப் பையிலிருந்த கத்தரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது. "வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"நல்லது. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நானே சொல்லிடுறேன். தலைவர் வாயால வரணும்."

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது. மனுஷர் பெரிய மனுஷர்தான் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தான். மனைவியிடமும் சொன்னான். அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். அப்பாவை அவனைவிட அதிக காலம் தெரியும் அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை பந்தலடி நிறைந்திருந்தது. தோட்டத்தைப் பிடுங்கிவிட்டுக் குச்சிக்காகக் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மாமனார் எழுந்தார்.

"தப்பு எங்க வீட்டு மேலதான்," என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தாய்த் தோட்டம் தேறலை. வெளியிலேருந்து வாங்கின செடி. சான்று, சீட்டு எல்லாம் ஒட்டித்தான் வந்துச்சு. மாப்பிள்ளை படிச்சவர், படிச்சதை நம்பிட்டார். வயசு அப்படி. அவரை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. சொன்னா என்னைச் சொன்ன மாதிரி."

கூட்டம் உருகியது. அவர் விரலைத் தூக்கித் தலைக்கு மேலே காட்டினார்.

"ஊரெல்லாம் செவந்துச்சே, இது செவந்துச்சா? நம்ம கொடி நம்ம கையில இருக்கு. நிலத்தைக் காலியா வச்சிருக்கிற எல்லாருக்கும் இதுலேருந்து குச்சி உண்டு. மாப்பிள்ளை கையாலயே வெட்டிக் கொடுப்பார். அவர் மனசும் ஆறும்."

கைதட்டினார்கள். மாப்பிள்ளை எழுந்தான். நன்றி சொல்லத்தான் எழுகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"மாமா, அந்தக் கொடியிலதான்..."

"உட்காருங்க மாப்பிள்ளை," என்றார் மோட்டார். அவ்வளவு அன்பான குரலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "யாரும் உங்களை ஒண்ணும் சொல்லலை. விடுங்க."

பின்னாலிருந்து இரண்டு கைகள் தோளைப் பிடித்து உட்கார வைத்தன. ஆறுதலான கைகள்தான். நல்ல பலம்.

வீட்டுக்குள் வந்ததும் மனைவி சொன்னாள், "நீங்க சொல்லி முடிச்சிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாங்க."

"நீ நம்புறியா?"

"நான் நம்பி என்ன ஆகப்போகுது?" ஜன்னல் வழியாகப் பந்தலைப் பார்த்தாள். "அந்தப் பந்தல் இல்லன்னா அவர் எங்க போய் உட்காருவார்?"

கீழ்த் தோட்டத்தை அவனே பிடுங்கினான். இரண்டாவது முறை என்பதால் வேலை சுலபமாக இருந்தது. எந்த வேர் எங்கே ஓடுகிறது என்று தெரியும்.

இலை உதிர்ந்து, குச்சி வெட்டும் காலம் வந்தது. "வெந்நீர்ல முக்கிக் கொடுக்கலாம் மாமா," என்றான் மாப்பிள்ளை. "பட்டையில பூச்சி முட்டை இருந்தாச் செத்துடும். எல்லா நாட்டுலயும் செய்றாங்க." மாமனார் மகிழ்ந்துபோனார். "மாப்பிள்ளை குச்சியைக் குளிப்பாட்டிக் கொடுக்கப் போறார்," என்று எல்லாருக்கும் சொல்லியனுப்பினார்.

அவன் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. ஐம்பது டிகிரியில் அளவான நேரம் முக்கினால் முட்டைகள் சாகும், குச்சி பிழைக்கும். வைரஸும் சுகமாகப் பிழைக்கும். பின்கட்டுக் கொட்டகையில் கேஸ் அடுப்பின் மேல் பெரிய அண்டா வைத்து, தண்ணீருக்குள் வெப்பமானியைத் தொங்கவிட்டான். முள் ஐம்பதைத் தாண்டியது. அவன் குச்சிகளைக் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டே இருந்தான். முள் அறுபதைத் தாண்டியது. மோட்டாரின் காலி நிலம் அவனுக்கு நினைவு வந்தது. விரல்நீள வேரைக்கூட விடாமல் பொறுக்க வேண்டும் என்று இவன் சொன்னதைக் கேட்டு, அந்தப் பெரிய உடம்பை மடித்து மண்டிபோட்டுப் பொறுக்கியவர்.

மனைவி காபியோடு உள்ளே வந்தாள். வெப்பமானியைப் பார்த்தாள். எத்தனை டிகிரியில் முக்க வேண்டும் என்று பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த குறிப்பை அவளும் படித்தவள்தான். அவனைப் பார்த்தாள். காபியை மேடையில் வைத்தாள். குனிந்து அடுப்பின் திருகைப் பிடித்து, தீயைக் கடைசி வரை கூட்டிவிட்டுப் போனாள்.

வெந்த குச்சி பார்வைக்கு வெந்ததாகத் தெரியாது. அதே நிறம், அதே எடை. வெள்ளை ரகம், எதையும் காட்டிக்கொள்ளாது. மறுநாள் மாப்பிள்ளை தன் கையால் எல்லாருக்கும் கட்டுக் கட்டாகக் கொடுத்தான். பக்கத்தில் மாமனார் நின்று ஆசி சொன்னார்.

பருவம் வந்தது. மற்ற செடிகளெல்லாம் துளிர்த்தன. அவன் கொடுத்த குச்சிகள் நட்டபடியே, வேலிக்கு ஊன்றிய கழிகளைப் போல நின்றன. மோட்டார் ஒரு குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே பழுப்பு.

"ஒண்ணுகூடவா மாப்பிள்ளை? தெரியாமத்தான் கேக்குறேன். கண்ணை மூடிக்கிட்டு நட்டாக்கூட ரெண்டு வருமே."

"மன்னிச்சிடுங்க."

"மன்னிக்க என்ன இருக்கு. உங்க கை அப்படி." சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இப்ப நான் அந்தச் சான்றுச் செடிக்குத்தான் பதிஞ்சு வச்சிருக்கேன். அடுத்த வருஷம்தான் தருவானாம். வேற வழி?"

"நல்லதுங்க," என்றான் மாப்பிள்ளை.

"என்ன நல்லது? ஒரு வருஷம் போச்சு."

ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் சான்றுச் செடிக்குப் பதிந்தார்கள். பதிந்த கையோடு அவனைத் திட்டினார்கள். கைராசி இல்லாதவன் என்ற பெயர் நிலைத்தது. தெருமுனையில் புதிதாகக் கடை திறந்தவர், முதல் வியாபாரம் இவனோடு ஆகிவிடக் கூடாதே என்று இவன் தலையைக் கண்டதும் ஷட்டரைப் பாதி இறக்கினார். தோட்டங்களில் கொடி வெட்டும் கவாத்துக்குக் கூப்பிட்டால், "நீங்க சும்மா நின்னு பாருங்க மாப்பிள்ளை, தொடாதீங்க," என்றார்கள். அவன் மறுபடியும் காபி குடிக்கும் வேலைக்குத் திரும்பினான். கையெழுத்துப் போட்டுப் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

அதற்குப் பிறகு ஒரு காலையில், பின்பக்கத்தில் பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தான். கீழ்த் தோட்டத்தின் வெறும் மண்ணில் மாமனார் நின்றிருந்தார். சுற்றிலும் சங்கத்து ஆட்கள். நடுவில் ஒரு குச்சி. அதன் உச்சியில் இரண்டு இலைகள், இளம்பச்சையாக, கைக்குழந்தையின் காது போல.

"சும்மா ஒண்ணை வெட்டி ஊனி வச்சேன். குளியலும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார் மாமனார்.

"கைன்னா இதுல்ல கை," என்றார் மோட்டார். "மாமா, அந்தப் பண்ணைக்காரனை விட்டுத் தள்ளுவோம். அடுத்த பருவத்துக்கு நீங்களே வெட்டிக் கொடுத்துடுங்க."

எல்லாரும் ஆமோதித்தார்கள். மாமனார் பந்தா இல்லாமல் தலையசைத்தார். குச்சியின் அடியில் ஓர் எறும்பு ஏறுவதும் இறங்குவதுமாக இடம் பார்த்துக்கொண்டிருந்தது. மனைவி கொல்லைக் கதவருகே நின்றாள். அவளும் அந்த இரண்டு இலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமனார் திரும்பினார். "மாப்பிள்ளை, இதுக்கு ஒரு வாளி தண்ணி கொண்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "பச்சைத் தண்ணியா பார்த்துக் கொண்டாங்க," என்றார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாமனார் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.